சனிக்கிழமைச் சம்பளம்

2024 ஜூன் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. பொழுது சாயும் நேரம். காங்கேயத்தில் தேங்காய் காயவைக்கிற ஒரு களத்து ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர், பின்னால் நாலைந்து பேர். என் முறை வந்ததும் கணக்கு எழுதுகிற அம்மா பழுப்புக் கவர் ஒன்றை நீட்டி, "எண்ணிப் பாத்துக்கங்க தம்பி" என்றார். நான் எண்ணவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டி நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எண்ணினேன். 5,800 ரூபாய். சரியாக இருந்தது.

பதின்மூன்று வருஷம் திருப்பூரில் தையல் கம்பெனி நடத்தி, சனிக்கிழமைதோறும் கவர் நீட்டியவன் நான். 600 சொச்சம் சனிக்கிழமைகள். அத்தனை வருஷத்தில் ஒருவரிடம்கூட "எண்ணிப் பாத்துக்கங்க" என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. என் எதிரிலேயே எண்ணுகிற டெய்லர்களைக் கண்டால் சுருக்கென்று இருக்கும், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று. அவர்களில் பாதிப் பேர் என்னைப்போலவே வெளியே போய், ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று எண்ணியிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

திருப்பூரில் 'ஓனர்' என்பது ஒரு பட்டம். மூன்று பவர் டேபிளை, அதாவது மோட்டாரில் ஓடுகிற தையல் மெஷினை, வாடகை ஷெட்டில் போட்டு, மாடிப்படிக்குக் கீழே கட்டிங் டேபிளை நுழைத்து வைத்திருப்பவனும் ஓனர்தான். முன்னூறு மெஷினும் ஜெனரேட்டரும் கேன்டீனும் வைத்திருப்பவரும் ஓனர்தான். டீக்கடையில், நூல்கடையில், செக்கிங் அக்காமார் வாயில் எனக்குப் பெயரே கிடையாது. "ஓனரண்ணா, ஊசி ஒடைஞ்சிருச்சு." "ஓனரண்ணா, இந்த வாரம் ஒண்ணரை ஷிப்ட் உண்டுங்களா?" என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அம்மாவும் பேங்க்காரர்களும் மட்டும். களத்தில் சேர்ந்த முதல் நாளே நான் தம்பி ஆகிவிட்டேன். நாற்பத்தாறு வயசில் தம்பி.

வீட்டையும் கம்பெனியையும் விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கு வந்ததில் எதை இழந்தாய் என்று யாராவது கேட்டால், சதுர அடிக் கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம். முதலில் போனது அந்த ஒரு சொல். அது போன இடத்தில் ரொம்ப நாள் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவிப் பார்க்கும்.

ஆரம்பத்தைச் சொல்ல வேண்டும். பதினாறு வயசில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, பிறகு கட்டிங் மாஸ்டர் ஆனவன் நான். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்கவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. நியாயமான உத்தரவுதான். ஒரத்துப்பாளையம் பக்கம் காடு தோட்டம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். பாசனத்துக்கென்று 1992ல் திறந்த அணை, சாயத்தண்ணி தேங்குகிற குட்டையாகப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் சாயம் ஏறாமல் துணி வராது, துணி வராமல் தையல் ஓடாது. சின்னக் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. நல்ல மெஷினெல்லாம் இரும்பு விலைக்கு வந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் நான் ஆறு மெஷின் வாங்கினேன்.

விற்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். ராயபுரம் பக்கம் ஒரு சந்துக்குள் ஷெட். ஒவ்வொரு மெஷினையும் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத் துணி கொடுத்து ஓட்டிக் காட்டினார். "இது கொஞ்சம் நூல் அறுக்கும்ங்க, டென்ஷனைக் கொஞ்சம் எளக்கி வெச்சீங்கன்னா சரியாயிரும்" என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நான் விலையைக் குறைக்கிற மும்முரத்தில் இருந்தேன். ஆறையும் டெம்போவில் ஏற்றியதும், "ஒரு டீ சாப்படலாமுங்களா?" என்று கேட்டார். வண்டி வாடகை ஏறுதுங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வண்டி சந்து முனை திரும்பும்போது பார்த்தேன், அவர் காலி ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். அன்றைக்கு அது எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

ஆறு மெஷின் இருபத்திரண்டு ஆனது. 2015ல் காங்கேயம் ரோட்டுப் பக்கம் வீடு கட்டினோம். மேலும் கீழுமாக 1,850 சதுர அடி. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாலடி ஒசத்திருக்கலாம்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் வீடு என்பது குடியிருப்பதற்கு மட்டும் இல்லை, அது ஒரு அறிக்கை. பொண்ணு கேட்டு வருகிறவர்களும் கடன் கொடுக்க வருகிறவர்களும் முதலில் படிப்பது அதைத்தான்.

கீழே இறங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. 2017ல் ஜிஎஸ்டி வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பீகார், ஒடிசாப் பையன்கள் ரயிலேறிப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் பாதிதான். 2022ல் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலை ஏறியதை எதிர்த்து அந்த மே மாதம் திருப்பூரே இரண்டு நாள் கதவடைத்தது. அப்புறம் ஐரோப்பாவில் யுத்தமும் விலைவாசியும், இங்கே ஆர்டர் இல்லை. ஜாப் ஒர்க், அதாவது அடுத்த கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை, செய்கிறவனுக்கு இதில் எதுவும் கையில் கிடையாது. மேலே இருப்பவர்கள் விலையைக் குறைத்தால் கடைசியாகக் குறைவது தையல் கூலி. அந்தக் கூலியும் தொண்ணூறு நாள் கழித்து வரும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும்வரை வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து சட்டம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "உத்யம் பதிவை ரத்துப் பண்ணிட்டு வாங்க, வேலை தர்றோம்." உத்யம் என்பது சிறு தொழில் என்று அரசிடம் செய்கிற பதிவு. சட்டம் என்னைக் காப்பாற்ற வந்தது, நான்தான் அதன் வழியில் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

முடிவு எடுத்தது நான் இல்லை. மனைவிதான். கம்பெனியில் செக்கிங்கும் பேக்கிங்கும் அவள் பொறுப்பு. 2024 ஏப்ரலில் ஒரு ராத்திரி, டேமேஜ் பீஸ்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பேங்க் ஸ்டேட்மென்டைச் செக்கிங் டேபிளில் விரித்துப் போட்டாள். பழைய செக்கிங் ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். 35 லட்சம் கடன், 20 வருஷம், 9 சதவீத வட்டி, மாதம் 31,490 ரூபாய். நடுவில் வட்டி ஏறி இறங்கியதை விட்டுவிடுவோம், சுமாரான கணக்கு இது. 108 தவணை கட்டி முடித்திருந்தோம். கட்டிய பணம் 34 லட்சம். பாக்கி அசல் எவ்வளவு தெரியுமா? 26 லட்சத்துச் சொச்சம். ஒன்பது வருஷத்தில் அசலில் கழிந்தது எட்டே முக்கால் லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே. மீதி 25 லட்சமும் வட்டி.

இது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. நீண்ட காலக் கடனில் முதல் பாதியில் பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகும், பின்பாதியில்தான் அசல் வேகமாகக் கரையும். கையெழுத்துப் போட்ட நாளிலேயே அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நாம்தான் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மனைவி பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "நாம ஊட்டுக்கு வாடகை குடுத்துட்டு இருக்கறமுங்க. என்ன, பேங்குக்குக் குடுக்கறோம்." கொஞ்ச நேரம் கழித்து, "வித்தறலாமுங்க" என்றாள். மெஷின் ஓடாத ஷெட்டில் ராத்திரி சுவர்க்கோழிச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விற்றோம். பேங்க் கடன், நகைக்கடன், நூல்கடை பாக்கி, தீபாவளிக்குக் கைமாற்றாக வாங்கியது, டெய்லர்களுக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் போகக் கையில் கொஞ்சம் நின்றது. ஊரில் இதற்கு வைத்திருக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான்: நொடிச்சுப் போயிட்டாங்க. 'குறைத்துக்கொண்டார்கள்' என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஏறுவதற்கு எங்கள் பேச்சில் பத்துச் சொல் உண்டு. தானாக இறங்குகிறவனுக்கு ஒன்றுகூட இல்லை, விழுந்தவனுக்கு இருப்பதை எடுத்து அவனுக்கும் மாட்டிவிடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஊரில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "ஊட்டக் கட்டிப்பாரு, கல்யாணம் பண்ணிப்பாருன்னு சொன்னாங்க சாமி. வித்துப்பாருன்னு ஆரும் சொல்லோணும்னு நெனைக்கலியே." அப்புறம் அவரே சிரித்துவிட்டார். நானும்.

காங்கேயத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்னத் திண்ணை. 560 சதுர அடி. சோபா வாசல்படியிலேயே நின்றுவிட்டது. நிமிர்த்தி, சாய்த்து, காலைக் கழற்றி எல்லாம் பார்த்தோம். கடைசியில் வீட்டுக்காரர், "எங்கூட்ல கெடக்கட்டுமுங்க" என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் வாடகை கொடுக்கப் போகும்போது என் சோபாவில்தான் உட்கார்ந்து ரசீது வாங்குகிறேன்.

சாமான்களில் என்னைத் திணற வைத்தது அட்டாலிதான். பழைய வீட்டில் சமையலறைக்கு மேலே நீளமாக ஒரு அட்டாலி. ஒன்பது வருஷமாக அதில் ஏற்றியதுதான் உண்டு, இறக்கியதே இல்லை. மனைவியின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் முழுக்க அங்கே: பித்தளை அண்டா, தவலை, குடம், எவர்சில்வர் தூக்குகள், தாம்பாளங்கள். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. கொடுத்தவர் பெயர், ஊர், தேதி. வாங்குகிறபோதே கடைக்காரர் பெயர் வெட்டட்டுமா என்று கேட்பார், டர்ரென்று ஒரு மெஷின் ஓடும், அவ்வளவுதான், அது அப்புறம் பாத்திரம் இல்லை, ஒரு சாட்சி.

பித்தளையை மட்டும் வண்டியில் ஏற்றி அனுப்பர்பாளையம் கொண்டுபோனோம். திருப்பூர் பனியனுக்குப் பேர் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே பாத்திரத்துக்கு அனுப்பர்பாளையம் பேர் வாங்கியிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்குகிற பட்டறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. தராசில் அண்டாவை வைத்துவிட்டுக் கடைக்காரர் எடையைச் சொன்னார். மனைவி குனிந்து அண்டாவின் கழுத்தில் இருந்த பெயரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அவளுடைய பெரியம்மா பெயர். இறந்து ஏழு வருஷம் ஆகிறது.

"இந்தப் பேரு என்னாகுமுங்க?"

"உருக்கறப்பப் போயிருமுங்க அம்மிணி."

அண்டாவை இறக்கித் திரும்ப வண்டியில் வைக்கச் சொல்லிவிட்டாள். மற்றதெல்லாம் போனது. இப்போது அது திண்ணை மூலையில் தண்ணீர் ரொப்பி இருக்கிறது. போர் மோட்டார் ரிப்பேரானால் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பெரியம்மாவிடம் மொண்டுகொண்டு போகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி அழகாக எழுத ஆசைதான். முடியவில்லை. மகள் அப்போது பத்தாவது முடித்திருந்தாள். அவளுக்குப் பழைய வீட்டில் மாடியில் தனி அறை, சன்னலோரம் மேஜை. பதினோராம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சொந்தக்காரர் ஒருவர் ஆறுதலாக, "நல்லதுதான் மாப்ளே, கவருமெண்ட்டு ஸ்கூல்னா டாக்டர் சீட்டுக்கு ஏழரை பர்சென்ட் இருக்குதல்ல" என்றார். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு. கடைசி இரண்டு வருஷம் வந்து ஒட்டிக்கொண்டால் கிடைக்காது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் அப்போது அதே விதிதான். இதை அவருக்கு விளக்கிச் சொன்னது நான் இல்லை, மகள். ஒவ்வொரு விதியாக, நிறுத்தி நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஆறாவது போகிற தம்பிக்கு அந்த ஏழரையாவது கணக்காக வரும், அவளுக்கு மட்டும் எதுவும் வராது.

மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "எல்லாருக்கும் வீடு போச்சு, எனக்கு ரூமும் சேந்து போச்சு" என்று அவள் அம்மாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. சின்ன வீட்டில் எல்லாம் கேட்கும். மொட்டை மாடிப் படிக்கட்டில் ஒரு லைட் போட்டுக் கொடுத்தேன். அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறாள், இப்போது பன்னிரண்டாவது. கொசு கடிக்கிறது. இதை நான் சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

மகன் கதை வேறு. களத்து வேலை ஆறு மணிக்கு முடிந்துவிடும், ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பேன். அவன் பிறந்ததிலிருந்து அந்த நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. ஒண்ணரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரைக்கு மெஷின் நிற்கும், கணக்கு முடித்து, டெலிவரி அனுப்பி வீட்டுக்கு வர பத்தரை ஆகும், அவன் தூங்கியிருப்பான். புது வீட்டில் நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டான்.

அதுதான் நிலைமை. குடும்பத்தோடு நேரம் செலவழிக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், கையில் நேரம் வந்தபிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியாது. நாலு பேரும் ஒட்டுக்கா உட்கார்ந்து சோறு உண்டால் ஏழு நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு போன். எனக்கும் மனைவிக்கும் கம்பெனிப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிருந்தது. இருபது வருஷத்தில் நாங்கள் பேசியது எல்லாம் பீஸ், டேமேஜ், டெலிவரி.

அந்த மௌனத்தை உடைத்துவிட்டது சந்தகை மரம், இடியாப்பம் மாதிரி பிழிகிற அச்சு. அதுவும் அட்டாலியிலிருந்து இறங்கிய சாமான்தான், மாமியார் கொடுத்தது. சந்தகை தனி ஆளாகப் பிழிய முடியாது. புழுங்கலரிசியை நைசாக ஆட்டி, உருண்டை பிடித்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மரத்தில் போட்டு அழுத்த வேண்டும். ஆறினால் பாறாங்கல், பிழியவே வராது. ஒருவர் உருண்டையை எடுத்துப் போட, ஒருவர் மேலே சாய்ந்து அழுத்த, ஒருவர் கீழே தட்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மாவு ஆட்டிவிட்டாள். மகன் கைப்பிடியில் தொங்கினான். நான் அழுத்தினேன். தட்டுப் பிடிக்க ஆள் இல்லாமல் மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். மூன்றாவது உருண்டையில் நான் வேகமாக அழுத்த, சந்தகை தட்டைத் தாண்டி அவள் முழங்கையில் விழுந்தது. "மெதுவாப்பா! இது என்ன உங்க பவர் டேபிளா?" என்று கத்தினாள். மூன்று வாரத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. பாதியைத் தேங்காய்ப்பாலிலும் பாதியை எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தும் உண்டோம்.

இப்போது வியாழக்கிழமைகளில் அம்மா வருகிறார். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021ல் ஆனதிலிருந்து அவருக்கு ஊர் சுற்றுவதில் ஒரு தைரியம். மோர்ப் பாத்திரமும் கீரையுமாக இறங்குவார், பேரனுக்கு மட்டும் கச்சாயம் தனிப் பொட்டலத்தில். திருப்பூர் வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வந்தார். "அங்க உக்கார எடமெல்லாம் வழுக்குச்சு" என்று இப்போதுதான் சொல்கிறார்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கே எதிர்பாராத விஷயம் அது. காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளை. உள்ளூரில் பணம் புழங்குவது தேங்காயில். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்தும் கேரளத்திலிருந்தும் காய் இங்கே லாரியில் வருகிறது. மழை மறைவு பூமி, காற்றில் ஈரம் குறைவு, வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே காயாத காய் இங்கே வந்து காய்ந்து, எண்ணெயாகித் திரும்பவும் கேரளத்துக்கே போகும்.

காயை இரண்டாக வெட்டிக் களத்தில் பரப்பிவிட்டால், இரண்டு மூன்று நாள் வெயிலில் பருப்பு, அதாவது கொப்பரை, சுருங்கித் தொட்டியை, அதாவது சிரட்டையை, விட்டு விலகும். தொட்டி கரி சுடப் போய்விடும். பருப்பு மறுபடி நாலைந்து நாள் காயும். பச்சைத் தேங்காயில் பாதிக்குப் பாதி ஈரம், அது ஆறு சதவீதத்துக்கு வர வேண்டும். மீட்டர் இருக்கிறது. ஆனாலும் முதல் வாரத்தில் அங்கே இருபது வருஷமாக வேலை செய்கிற அக்கா ஒருவர் மீட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு பருப்பைக் கையில் கொடுத்து, "ஒடிங்க" என்றார். வளைந்தது. "இது நாளான்னிக்கு." இன்னொன்று கொடுத்தார். டக்கென்று முறிந்தது. "இது இன்னிக்கு." அவ்வளவுதான் பாடம். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம், சொல்லிப் பழகிய கை இது. பத்து நாளில் பிடித்துக்கொண்டது. விரல் இன்னும் என்னோடுதான் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி.

ஐப்பசி மழைதான் களத்துக்கு எமன். 2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து களம் ஒரு கிலோமீட்டர். முதலாளி போன் அடித்தார், லீவு நாள், ஆள் இல்லை. நான் வண்டியை எடுக்க, மகன் பின்னால் ஏறிக்கொண்டான். மனைவியும் மகளும் அடுத்த வண்டியில். ஏழெட்டு டன் பருப்பு விரித்துக் கிடக்கிறது. நனைந்தால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும், விலை பாதிதான். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடுவது பட்டம் விடுவது மாதிரிதான், பட்டம் நம்மையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். மகன் முனையைப் பிடித்தபடி இரண்டடி தூக்கி வீசப்பட்டுக் குவியலில் விழுந்து எழுந்து சிரித்தான். மகள் ஓரங்களில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டே போனாள். கடைசிக் கல் வைக்கும்போது மழை அடித்தது. நாலு பேரும் எடைமேடைத் தகரத்தின் கீழே நின்றோம். எல்லார் மேலும் தேங்காயெண்ணெய் வாடை. "இது நம்ம பருப்பு இல்லைல்லப்பா?" என்று மகன் கேட்டான். இல்லை என்றேன். "அப்பறம் ஏன் இப்புடி ஓடுனோம்?" என்றான். மகள், "சும்மா இருடா" என்றாள்.

முதலாளி நல்ல மனுஷன், அடுத்த சனிக்கிழமை கவரில் இருநூறு ரூபாய் கூட இருந்தது. இந்தத் தடவை அங்கேயே, கணக்கு அம்மா எதிரிலேயே எண்ணினேன்.

நான் சேர்ந்தபோது அரைவைக் கொப்பரைக்கு அரசு வைத்திருந்த ஆதார விலை கிலோவுக்கு 111 ரூபாய் 60 காசு. வெளியில் அதுகூடக் கிடைக்காமல் விவசாயிகள் கொள்முதல் மையத்தில் காத்துக்கிடந்தார்கள். 2025 நடுவில் அதே பருப்பு 200ஐத் தாண்டியது. வறட்சி, வெள்ளை ஈ, வாடல் நோய் என்று காய்ப்பு குறைந்துபோனதால் வந்த விலை. தோப்பு வைத்திருந்தும் காய் இல்லாதவர்களுக்கு அதில் என்ன சந்தோஷம்? களத்திலும் காய் வரத்து குறைந்து, வாரத்தில் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. இந்தத் தொழிலும் ஒரு நாள் நொடிக்கலாம். அதையும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஆக்கியபோது திருப்பூரிலிருந்து போன் மேல் போன். "நீ தப்பிச்சிட்டே மாப்ளே" என்று சொன்ன அதே சொந்தக்காரர்தான் முந்தின வருஷம் நாங்கள் நொடிச்சுப் போன கதையை ஊரெல்லாம் சொன்னவர். தப்பித்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. செக்கிங் டேபிளில் ஒருத்தி கணக்குப் போட்டாள், அவ்வளவுதான்.

செப்டம்பரில் இன்னொரு போன் வந்தது. என் மெஷின்களில் பன்னிரண்டை வாங்கிய பையன். முப்பது வயதுகூட இருக்காது. அமெரிக்க ஆர்டர் செய்கிற கம்பெனிக்குத்தான் ஜாப் ஒர்க் ஓட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, மெஷினெல்லாம் குடுத்தறலாம்னு பாக்கறேன். ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க." அந்தச் சனிக்கிழமை களத்தில் சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினேன்.

ஷெட்டுக்குள் மெஷின்கள் வரிசையாக நின்றன. நாலாம் நம்பர் ஓவர்லாக்கின் தலையில் சிவப்பு நகப்பூச்சில் '4' என்று எழுதியிருந்தது. மகள் இரண்டாவது படிக்கும்போது எல்லா மெஷினுக்கும் நம்பர் போடுகிறேன் என்று எழுதியது, நாலோடு நகப்பூச்சு தீர்ந்துவிட்டது. பையன் சுவிட்சைப் போட்டு ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து ஓட்டிக் காட்டினான். நான் வாங்க வரவில்லை என்று தெரிந்தும் காட்டினான். எல்லாம் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தது.

அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. விற்றுவிடு என்றோ பொறுத்திரு என்றோ சொல்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. வெளியே வந்து, "வா, ஒரு டீ குடிக்கலாம்" என்றேன். சந்து முனைக் கடையில் நின்று குடித்தோம். அவன் குழந்தைக்கு மொட்டை அடித்த கதையைச் சொன்னான். இன்னொரு டீ சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, இருக்கட்டும் என்று நின்றேன்.

அவன் பர்சை எடுத்தான். "நான் குடுக்கறனுங்க, ஓனரண்ணா."

"வையி வையி" என்றேன். "இன்னிக்குச் சனிக்கெழமை. எங்கிட்ட கவர் இருக்குது."